மலிவான மருந்துகளைச் சோதிக்க முன்வருவோர் யார்?

தலைவலிக்கும் இருதய நோய்க்கும் வழங்கப்படும் அஸ்பிரின் மாத்திரை, ஒருசாரார்க்குக் குடற்புற்றுநோய் மீண்டும் தலைதூக்குவதைத் தடுக்கிறது என 2025ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று நிறுவியுள்ளது. சுவீடன், நோர்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளில் சத்திரசிகிச்சைக்குட்பட்ட 626 நோயாளர்களுள் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 160 மில்லிகிராம் அஸ்பிரினும், மறுபாதியினருக்கு மருந்தற்ற மாத்திரையும் மூன்று வருடங்கள் வழங்கப்பட்டன. ஆய்வின் பிரதான பிரிவில் மருந்தற்ற மாத்திரை பெற்றோரில் 14.1 சதவீதமானோருக்கு நோய் திரும்பியது. அஸ்பிரின் பெற்றோரிலோ இது 7.7 சதவீதம் மாத்திரமே.

அஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்து வருகின்றது. இவ்வுண்மையை நிறுவ ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது ஏன்? காப்புரிமை காலாவதியான மருந்தைச் சோதிக்கக் கோடிக்கணக்கில் செலவிடும் கம்பனிக்கு அதனால் இலாபம் எதுவுமில்லை. இலாபம் உண்டெனில் நிலைமை வேறு. கருவிலிருந்த ஆயிரக்கணக்கான சிசுக்களை ஊனமாக்கியதால் 1961இல் கைவிடப்பட்ட தலிடோமைட், 2006இல் அமெரிக்காவில் எலும்பு மச்சைப் புற்றுநோய்க்கு அங்கீகாரம் பெற்றது. அதன் வழிவந்த லெனலிடோமைட், உலகில் மிகக் கூடுதலாக விற்பனையான மருந்துகளுள் ஒன்றானது. அஸ்பிரினுக்காகப் பரிந்து பேச அத்தகைய கம்பனி எதுவுமில்லை.

அதற்காகப் பழைய மருந்துகள் யாவும் புற்றுநோயைத் தீர்க்குமென எண்ணிவிடலாகாது. நீரிழிவுக்கான மெட்போமின் மார்பகப் புற்றுநோய்க்கும் உதவுமெனப் பலகாலம் நம்பப்பட்டது. 3,649 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வு அந்நம்பிக்கையைப் பொய்ப்பித்தது. ஒட்டுண்ணி நோய்களுக்கான ஐவர்மெக்டின் புற்றுநோயைக் குணமாக்கும் என்று முகநூலில் பரவும் செய்திக்கோ, மனிதரிடம் நடத்தப்பட்ட நம்பகமான ஆய்வு எதுவும் ஆதாரமாக இல்லை. இத்தகைய செய்திகளை நம்பி வைத்தியசாலைச் சிகிச்சையை இடைநிறுத்துவோர் இழப்பது, மீளப் பெறமுடியாத காலத்தையே. அஸ்பிரினும் குடலில் இரத்தக்கசிவை ஏற்படுத்தவல்லது. வைத்தியரைக் கேளாது உட்கொள்ளத்தக்கதன்று.

2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது அரச வைத்தியசாலைகளில் நிலவிய மருந்துத் தட்டுப்பாட்டை எமது நாட்டவர் மறந்திருக்க முடியாது. வெளியில் வாங்க வசதியற்ற நோயாளரே அன்று பெரிதும் அவதியுற்றனர். விலையுயர்ந்த புதிய மருந்துகளை நாடும் ஒரு வறிய நாட்டுக்கு, மலிவான பழைய மருந்தொன்று பயன்தருமென்பது சிறிய செய்தியன்று. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமையக் காரணராயிருந்த பேராசிரியர் சேனக பிபிலே வலியுறுத்தியதும், அவசியமான மருந்து நியாயமான விலையில் மக்களைச் சென்றடைய வேண்டுமென்பதையே.

ஆயினும், அஸ்பிரின் மலிவானதென்பதால் மாத்திரம் காரியம் நிறைவேறிவிடாது. கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் கொண்டோரே இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். பரிசோதிக்கப்பட்டோரில் மூன்றிலொரு பங்குக்கும் சற்று அதிகமானோரிடமே அம்மாற்றம் காணப்பட்டது. அதனைக் கண்டறியும் பரிசோதனையின் செலவு மாத்திரையின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம். மஹரகமவிலும் தெல்லிப்பழையிலும் சிகிச்சை பெறும் வறிய நோயாளருக்கு அப்பரிசோதனை கட்டணமின்றிக் கிட்டுவதற்கான ஏற்பாட்டைச் சுகாதார அமைச்சு தாமதமின்றி மேற்கொள்ள வேண்டுமென நாம் வலியுறுத்துகிறோம்.