தூக்கத்தை அளக்கும் ஓர் இரவு

குறட்டைச் சத்தம் கேட்டால், "ஆள் அசந்து தூங்குறார், எழுப்பாதீங்க" என்போம். குறட்டை என்றால் நிம்மதியான தூக்கம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. ஆனால், சிலருக்கு அந்தச் சத்தம் திடீரென்று நின்றுவிடும். சில நொடிகள் மூச்சே இருக்காது. பிறகு மூச்சு முட்டுவதுபோல் ஓர் உறுமல், மறுபடியும் குறட்டை. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குப் பயத்தில் தூக்கம் போய்விடும். தூங்கியவருக்கோ காலையில் எதுவும் நினைவிருக்காது.

இதுதான் 'ஸ்லீப் ஆப்னியா' என்னும் தூக்கத்தில் மூச்சுத்தடை. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்பக்கம் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. மூளை பதறிப்போய் ஆளைத் தட்டி எழுப்புகிறது. அந்த விழிப்பு சில நொடிகள்தான் என்பதால் அவருக்கே தெரிவதில்லை. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் காலையில் அசதி, தலைவலி, பகலெல்லாம் கண்ணைச் சொருகும் தூக்கம்.

கவனிக்காமல் விட்டால் உயர் ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான ஆபத்து கூடும். இந்தித் திரை இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் காலமானபோது, மருத்துவர்கள் சொன்ன காரணம் இந்த மூச்சுத்தடைதான்.

யார் பரிசோதிக்க வேண்டும்?

கீரமங்கலம் பக்கத்திலிருந்து விடிவதற்கு முன்பே பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திருச்சிக்கு வேன் ஓட்டும் 50 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு பிரஷர் மாத்திரை போட்டும் பி.பி குறையவில்லை. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஓரிரு முறை கண் அயர்ந்திருக்கிறார். ஆனால், இதை மட்டும் டாக்டரிடம் சொல்ல மாட்டார். சொன்னால் வண்டி ஓட்டக் கூடாது என்றுவிடுவார்களோ, பிழைப்பு போய்விடுமோ என்று பயம்.

அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால், அவர் மறைக்கும் அந்த ஒரு விஷயம்தான் டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது. சிகிச்சை எடுத்துக்கொண்டு பகல் தூக்கம் போய்விட்டால், டாக்டரின் அனுமதியோடு பெரும்பாலானோர் மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். அதுவரை ஓட்டாமல் இருப்பது அவருக்கும் நல்லது, எதிரே வருபவருக்கும் நல்லது.

பகல் தூக்கத்தைக் கணக்கிட எளிய கேள்வித்தாள் ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991-ல் வெளியிட்ட 'எப்வொர்த்' அளவுகோல் அது. டி.வி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது, வண்டியில் பயணியாகப் போகும்போது என எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் தூங்கிவிட எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10-ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

குண்டாக இருப்பவர்களுக்கு மட்டுமே இது வரும் என்பதும் தவறு. சிறிய தாடை, தடித்த கழுத்து, பெரிய டான்சில் உள்ளவர்களுக்கும் வரலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாய்ப்பு அதிகம். பெண்கள் பலர் குறட்டையைச் சொல்லக் கூச்சப்பட்டு, "எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கு" என்று மட்டுமே சொல்வதால் நோய் தாமதமாகத்தான் பிடிபடுகிறது.

கிளம்புவதற்கு முன்

'ஸ்லீப் ஸ்டடி' என்பது ஓர் இரவு முழுக்கத் தூக்கத்தைப் பதிவுசெய்யும் பரிசோதனை. புதுக்கோட்டை மாவட்டத்தினர் பலருக்கு இது திருச்சி, தஞ்சாவூர் அல்லது மதுரைக்கு ஒரு பயணம். சாயங்காலம் போய் விடிந்ததும் திரும்பிவிடலாம். வேன்காரர் பஸ்ஸில் போவதே நல்லது. சரியாகத் தூங்காத இரவுக்குப் பிறகு தானே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது.

அன்று தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். எண்ணெய் இருந்தால் தலையில் ஒட்டும் சென்சார்கள் வழுக்கிவிடும். விரலில் மாட்டும் கருவிக்கு நெயில் பாலிஷும் அடர்ந்த மருதாணியும் இடைஞ்சல். மதியத் தூக்கம் கூடாது. மதியத்துக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். மது கூடவே கூடாது. வழக்கமான மாத்திரைகளை டாக்டர் சொன்னபடி போட்டுக்கொள்ளலாம். தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சட்டை, லுங்கி அல்லது சுடிதார் போன்ற தளர்வான உடை வசதி. தலையணை மாறினால் தூக்கம் வராதவர்கள் வீட்டுத் தலையணையையே எடுத்துப் போகலாம்.

அறைக்குள் என்ன நடக்கும்?

ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, வலியும் இல்லை. டெக்னீஷியன் டேப்பால் தலையை அளந்து, பென்சிலால் குறியிட்டு, பசை வைத்துச் சென்சார்களை ஒட்டுவார். தலையில் ஒட்டுவது மூளை அலைகளுக்கு. கண்ணோரமும் முகவாயிலும் ஒட்டுவது கனவு காணும் தூக்கத்தைக் கண்டுபிடிக்க. மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், இதயத்துக்கு இ.சி.ஜி வயர், காலில் இரண்டு, விரலில் ஆக்ஸிஜன் கிளிப். இவற்றை ஒட்டி முடிக்கவே அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு மைக்கில் பேசுவார்: "கண்ணை மேலே, கீழே பாருங்க... பல்லைக் கடிங்க... காலை அசைங்க." எல்லா வயரும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக இது. இருட்டிலும் படம்பிடிக்கும் கேமரா ஓடும். பாத்ரூம் போக வேண்டும் என்றால் குரல் கொடுத்தால் போதும். வயர்கள் எல்லாம் ஒரே பெட்டியில் சேர்வதால் அதை மட்டும் கழற்றிவிடுவார்கள்.

"இத்தனை வயரோடு எப்படித் தூக்கம் வரும்?" எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வீட்டில் தூங்குவதுபோல் வராதுதான். ஆனால், சில மணி நேரம் தூங்கினாலே பெரும்பாலும் முடிவு சொல்லிவிடலாம். 'தூங்கவே இல்லை' என்று காலையில் அடித்துச் சொல்பவர்கள்கூட நான்கைந்து மணி நேரம் தூங்கியிருப்பது பதிவில் தெரியும். வேறு சிக்கலான நோய்கள் இல்லாதவர்களுக்கு, வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் சிறிய கருவியும் இருக்கிறது. எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்வார்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

இரவுப் பதிவை 30 நொடித் துண்டுகளாகப் பிரித்துப் படிக்கிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு 960 துண்டுகள். ரிப்போர்ட் வர சில நாள்கள் ஆவது இதனால்தான். அதில் 'ஏ.எச்.ஐ' என்ற எண் முக்கியம். குறைந்தது 10 நொடி மூச்சு நின்றதும், மிகவும் குறைந்ததும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்ற கணக்கு அது. 5-க்குக் கீழே இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை.

வேன்காரர் 6 மணி நேரம் தூங்கி, அதில் 192 முறை தடை வந்திருந்தால் அவருடைய எண் 32. அதாவது இரண்டு நிமிடத்துக்குள் ஒரு முறை. இப்படி இரவெல்லாம் தட்டி எழுப்பப்படும் மனிதர் விடியற்காலையில் சாலையில் கண் அயர்வதில் ஆச்சரியம் இல்லை.

மாஸ்க் என்றால் பயமா?

நடுத்தர, கடுமையான பாதிப்புக்கு முதல் சிகிச்சை 'சிபாப்' மெஷின். மூக்கில் மாட்டும் மாஸ்க் வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்தித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் இதை உலகுக்கு அறிவித்தார். வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் அவர் ஆரம்பத்தில் இதைச் செய்தார். இப்போதைய மெஷின்களின் சத்தம் மின்விசிறி அளவுகூட இருக்காது.

முதல் சில நாள்கள் மூச்சு முட்டுவதுபோல் தோன்றலாம், மூக்கு வறளலாம். பலர் மெஷினைத் தூக்கிப் பரணில் போடுவது அப்போதுதான். மாஸ்க்கின் அளவை மாற்றினாலோ, ஈரக்காற்று தரும் வசதியைச் சேர்த்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். பகலில் டி.வி பார்த்தபடி அரை மணி நேரம் மாட்டிப் பழகலாம். மெஷின் மின்சாரத்தில் ஓடுவது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் தவித்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்வெர்ட்டர் அவசியம். வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

லேசான பாதிப்பு என்றால், எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, பல் மருத்துவர் செய்து தரும் தாடைக் கருவி ஆகியவை உதவும். வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விடும் குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டு சதையைப் பார்க்க வேண்டும்.

பரிசோதனைக்கு முன்பே வீட்டில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. குறட்டை நின்று, திணறி, மறுபடி தொடங்கும் இரண்டு நிமிடத்தைச் செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, உங்கள் ஊர் டாக்டரிடமோ அதைக் காட்டுங்கள். தூங்குபவர் தன்னைப் பற்றிச் சொல்ல முடியாததை அந்த வீடியோ சொல்லிவிடும்.