கல்லினுள் தேரையும் கள்ளி தின்னும் ஆமையும்

"கல்லினுள் தேரைக்கும் படியளக்கிறவன் உனக்கு அளக்கமாட்டானா?" என்று பட்டினி கிடக்கிறவனுக்குப் புத்தி சொல்லும் பிரசங்கிகள் நம் நாட்டில் இன்னும் குறைந்தபாடில்லை. கல்லை உடைத்து அந்தத் தேரையைப் பார்த்தவர் யாரோ, நாமறியோம். ஆனால் கல்லும் புழுதியுமான தீவில் கள்ளியைத் தின்று பிழைக்கும் ஒரு பிராணியை உலகமே பார்த்திருக்கிறது. அதைப்பற்றி இவர்களை ஒன்றிரண்டு கேட்க ஆசைப்படுகிறோம்.

தென் அமெரிக்காவுக்கு மேற்கே சுமார் 1000 கிலோமீட்டர் தூரத்தில், பசிபிக் சமுத்திரத்தில், ஈக்குவடார் தேசத்தைச் சேர்ந்த கலாபகோஸ் தீவுகள் இருக்கின்றன. எல்லாம் எரிமலை கக்கிய பாறை. அங்குள்ள பெரிய நில ஆமைகள் புல், தழை தின்பவை. மழை பெய்து புல் முளைக்கும் மேட்டு நிலமுள்ள தீவுகளில் ஆமையின் ஓடு கவிழ்த்த சட்டி போலிருக்கிறது, கழுத்து குட்டை. எஸ்பனோலா போன்ற வறண்ட தீவிலோ, ஓட்டின் முன்பக்கம் குதிரைச் சேணம்போல் மேலே வளைந்து, நீண்ட கழுத்தை உயரத் தூக்க வழிவிடுகிறது. அங்கே முக்கிய ஆகாரம் சப்பாத்திக் கள்ளி. ஆமையுள்ள தீவுகளில் அந்தக் கள்ளியும் தரையோடு படராமல், அடிமரம் விட்டு உயர்ந்து நிற்கிறது! தின்ன வருவதற்குக் கழுத்தையும், தின்னப்படுவதற்கு உயரத்தையும் ஒரே கடவுள் கொடுத்தாரென்றால், அவர் யார் கட்சி?

1835-ல் டார்வின் அங்கு போனபோது, துணைக் கவர்னராயிருந்த லாசன் என்பவர், ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவினது என்று சொல்லிவிட முடியும் என்றார். டார்வினே முதலில் அதைப் பெரிதாய் எண்ணவில்லை. பிறகு யோசித்தார், 1859-ல் புத்தகமாகவும் எழுதினார். விஷயம் இதுதான்: ஒரு தாயிட்ட முட்டைக் குஞ்சுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. வறட்சியில் கள்ளி எட்டியது பிழைத்தது, எட்டாதது செத்தது. பிழைத்தது முட்டையிட்டது. இப்படியே எத்தனையோ ஆயிரம் தலைமுறை. செத்தவற்றுக்குப் படியளக்க எவரும் வந்ததாகத் தெரியவில்லை.

(விஷ்ணு ஆமையாய் அவதரித்தார் என்று கும்பிடுகிறவர்களே, ஆமை புகுந்த வீடு உருப்படாது என்றும் சொல்லுகிறார்கள். அவர்கள் வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும்.)

மாதக்கணக்கில் ஆகாரமும் தண்ணீரும் இல்லாமல் உயிரோடிருக்கும் அந்தச் சக்தியே ஆமைக்கு எமனாயிற்று. கப்பல்காரர்கள் அடித்தளத்தில் ஆமைகளை அடுக்கி வைத்து, வேண்டியபோது அறுத்துத் தின்றார்கள். கொண்டுவந்துவிட்ட ஆடுகள் மிச்சமிருந்த பச்சையையும் மேய்ந்தன. முடிவில் எஸ்பனோலாவில் அகப்பட்டவை 14 தான்: 12 பெண், 2 ஆண். 1960-களிலும் 70-களிலும் அவற்றைத் தேடிப் பிடித்து, வேறு தீவில் கொட்டடி அமைத்து, முட்டைகளைப் பொரிக்க வைத்தவர்கள் மனிதர்கள். அமெரிக்காவில் சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் இருந்த ஆண் ஆமையொன்றையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆடுகளை ஒழித்தார்கள், கள்ளியை மறுபடி நட்டார்கள். இன்று அத்தீவில் ஆமைகள் ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. 2020 ஜூனில், அந்தக் கிழ ஆமையையும் மற்ற 14 ஆமைகளையும் படகில் ஏற்றிக்கொண்டுபோய், கள்ளிகளுக்கிடையே இறக்கிவிட்டு வந்தார்கள்.