மேற்படிப்புக்குக் கடல் கடக்க வேண்டுமா?

ஆசிரியர் அறையில் ஆண்டுதோறும் தலைதூக்கும் பேச்சு ஒன்று உண்டு. முதுகலையை இங்கேயே படிப்பதா, வெளிநாடு சென்று படிப்பதா என்பதே அது. இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஆசிரியர் கல்விக் கழகத்தில் பிள்ளைகளைச் சேர்த்துள்ள பெற்றோரும் கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுள் பெரும்பாலோர்க்கு, பணியில் இருந்தபடியே உள்நாட்டில் முதுகலை படிப்பதுதான் ஏற்றது. வெளிநாடு செல்வோருக்கு, இங்கே கிடைக்காத இன்னதைத் தேடிப் போகிறோம் என்னும் தெளிவு வேண்டும்.

பதவி உயர்வை எண்ணிப் புறப்படுவோர் சற்று நிதானிக்க வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பதவி உயர்வு பணிக்காலத்தையும் பணித்திறனையும் ஒட்டியது. முதுகலைச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்ததும் சம்பளம் ஏறிவிடாது. ஆசிரியர் கல்விக் கழக விரிவுரையாளராக விரும்புவோருக்கு அப்பட்டம் தேவை. அது நல்ல நோக்கந்தான். ஆனால் அது வகுப்பறையை விட்டு விலகும் பாதை என்பதை மறைக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அண்மையில் ஓர் ஆசிரியை என்னிடம் கலந்து பேசினார். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு சிறு பிள்ளைகளின் தாய் அவர். "ஐயா, ஓராண்டுதானே, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். அங்கே வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் பெரும்பாலும் 15,000 பவுண்டைத் தாண்டும். ஒரு பவுண்டுக்கு 5 ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். வாடகையும் உணவும் தனி. கல்வி அமைச்சின் எச்.எல்.பி. உபகாரச் சம்பளமும் முழுச் சம்பள விடுப்பும் கிடைத்தால் பாரம் குறையும்; கிடைக்காவிட்டால் சம்பளமற்ற விடுப்புதான். இதைவிடப் பெரிய தடை வேறொன்று. பாடவழி முதுகலை படிக்க வருவோர் பெரும்பாலோர் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாதபடி, 2024 சனவரி முதல் பிரிட்டன் விதியை மாற்றிவிட்டது. ஓராண்டு என்பது தாய்க்குச் சிறியதாக இருக்கலாம். நான்கு வயதுக் குழந்தைக்கு அது சிறியதன்று. அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

உள்நாட்டை நான் பரிந்துரைப்பதற்குப் பணம் மட்டும் காரணமன்று. நாம் ஆராய வேண்டிய வினாக்கள் நம் வகுப்பிலேயே கிடக்கின்றன. முதலாம் ஆண்டில் வந்து அமரும் பிள்ளை வீட்டில் ஆங்கிலம் பேசுகிறது. விளையாட்டுத் திடலில் மலாய் பேசுகிறது. தமிழைப் பாட்டியிடம் மட்டும் பேசுகிறது. அந்தப் பிள்ளைக்கு 'பள்ளி', 'பல்லி' வேறுபாட்டை எப்படிக் கற்பிப்பது? எழுத்தில் காட்டினால் புரிகிறது. காதில் விழும்போது குழம்புகிறது. இத்தகைய ஆய்வுக்குத் தரவு தோட்டப்புறப் பள்ளியிலும் கிள்ளானிலும் சுங்கை சிப்புட்டிலும் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிசு கல்வியியல் பல்கலைக்கழகமும் உண்டு. காலையில் வகுப்பில் கண்டதை இரவில் ஆய்வேட்டில் எழுதலாம். மேலும், 150 மாணவருக்கும் குறைவான நம் சிறிய பள்ளிகளில் ஓர் ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனால், அவருடைய பாடங்கள் எஞ்சியோர் தலையில் விழும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். தனிநாயகம் அடிகளார் இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றவரல்லரா? ஆம். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்று, இலண்டனில் கல்வித்துறையில் ஆய்ந்து, பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்கத் துணைநின்றார். இலண்டனுக்குப் போகுமுன்பே தமிழில் ஊன்றியிருந்தார் என்பதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும்.

ஆகவே வெளிநாடே வேண்டா என்று நான் சொல்லவில்லை. வேல்சு நாட்டில் ஆங்கிலம் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேல்சு மொழிவழியே தொடக்கக் கல்வி தருகிறார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தம் மொழிக்கென 1982 முதல் மழலையர் பள்ளிகளை வளர்த்து வருகிறார்கள். நம் சிக்கலுக்கு இவை உடன்பிறந்தவை. இவற்றை நேரில் கண்டு வர விரும்பும் ஆசிரியர் எவரேனும் உண்டெனில் நானே வழியனுப்ப வருவேன்! பழைய நூல்களில் ஆய்வு செய்வோர் சென்னையின் ரோசா முத்தையா நூலகத்துக்கும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கும் போகத்தான் வேண்டும். ஆனால் முன்பு நம்மவர் பலர் நாடிய ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்திவிட்டது. எங்குச் சேர்வதானாலும், அப்பட்டம் நம் அரசுப் பணியில் ஏற்கப்படுகிறதா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பெற்றோர்களே, பயிற்சி முடிந்த கையோடு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பத் துடிக்காதீர்கள். நான்கைந்து ஆண்டுகள் வகுப்பில் நிற்கட்டும். எதை ஆராய வேண்டும் என்பது அதன் பின்னரே அவர்களுக்குத் தெரியவரும்.

தலைமையாசிரியர்களுக்கும் ஒரு சொல். உள்நாட்டிலேயே படியுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமைதோறும் அவரைப் பள்ளி நிகழ்ச்சிக்கு அழைக்கிறோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளையாவது அவருக்கு விட்டுக்கொடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இதற்கு ஒத்துழைக்கலாம்.