பெயர் தெரியாத கன்னிக்கு

நம் வீட்டுக் கன்னியின் பெயர் நமக்குத் தெரியாது. கன்னி என்றால் யார் என்றே இன்று பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணம் ஆகுமுன் இறந்துபோன பெண்பிள்ளையை அந்தக் குடும்பமே தெய்வமாக வைத்துக் கும்பிடுவது நம் ஊர் வழக்கம். ஓர் ஓலைப்பெட்டியில் அவளுக்கென்று சிற்றாடை, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் இருக்கும். வருடத்தில் ஒருநாள் பெட்டியை இறக்கி, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுத்துணி வைத்து, நுனி இலை போட்டு, அவள் ஆசையாகத் தின்றது எதுவோ அதைப் படைப்பார்கள். வடமாவட்டங்களில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ போய்ச் சேர்ந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளை நீர்க்கரையிலிருந்து அழைத்துவந்து, புதுச்சேலை வைத்துப் படைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அந்தப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது? ஊர் வீட்டைப் பங்கு பிரித்தபோது பத்திரங்களை எண்ணி வாங்கிக்கொண்டோம். பித்தளைப் பாத்திரங்களைக்கூட எடை போட்டுப் பிரித்துக்கொண்டோம். பரணில் இருந்த பெட்டியை யார் எடுத்துப்போவது என்ற பேச்சே எழவில்லை. அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடமில்லை என்றோம். பூசையறையில் பெரிய கோயில்களின் படங்கள் வரிசையாக ஏறின. நம் இரத்தத்தில் வந்தவளுக்கு ஓர் ஆணி அடிக்க மனம் வரவில்லை.

படையல் என்பதை ஒரு பெரிய சக்திக்குக் கொடுக்கும் காணிக்கை என்று மட்டும் நாம் புரிந்துகொண்டதுதான் பிழையின் வேர். நாட்டார் தெய்வங்கள் பெரும்பாலும் நம்மைப் போல வாழ்ந்து, அகாலத்தில் செத்தவர்கள். அவர்கள் யார் என்பது இலையில் வைக்கும் பொருளில் இருக்கிறது. தொல்காப்பியம் வீரனுக்குக் கல் நடும் முறையைப் படிப்படியாகச் சொல்லும்போது கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, பெரும்படை என்ற படையலுக்கு வந்து, வாழ்த்தில் முடிக்கிறது. சங்கப் பாடல்களில் அந்தக் கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது நண்பர்களோடு கள் குடித்தவன் அவன். கல்லான பிறகும் அவனுக்குப் பிடித்ததையே கொடுத்தார்கள்.

பொதிகை மலைக்குள் காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே கூட்டம் அலைமோதும். அந்த வளாகத்தில் பட்டவராயனுக்கு மக்கள் தோல் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். பிராமணக் குலத்தில் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலப் பெண்கள் இருவரை மணந்து, அவர்களுக்காகவே செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்று, மாட்டுக் கிடையைக் காக்கப் போன இடத்தில் உயிரைவிட்ட முத்துப்பட்டன்தான் அந்தப் பட்டவராயன். வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடும் கதை அது. அந்தச் சன்னதியில் செருப்புக்குப் பதிலாகப் பட்டு வேட்டி வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளுமோ என்னவோ, கதை செத்துவிடும்.

நாம் அதைத்தான் வீடு வீடாகச் செய்தோம். சுருட்டும் சாராயமும் கேட்ட சாமிகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் கேட்டவளுக்குத் தேங்காய், பழம், சூடம் அடங்கிய அர்ச்சனைத் தட்டை நீட்டினோம். எல்லாச் சாமிக்கும் ஒரே தட்டு. யாரும் நம்மை அதட்டிச் செய்யச் சொல்லவில்லை. 1950இல் வந்த உயிர்ப்பலித் தடைச் சட்டம் நீண்டகாலம் தூங்கிக் கிடந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு ஆணையிட்டபோது கிராமத்து மக்கள் கொதித்தார்கள், எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் எதிர்த்து எழுதினார்கள், 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. நகரத்தில் இருந்த நாம் அதற்கு முன்பே வெட்கப்படத் தொடங்கியிருந்தோம். அலுவலக நண்பர்களிடம் நம் குலசாமிக்குக் கிடா வெட்டுவோம் என்று சொல்ல நாக்கு கூசியது. கிடா வெட்டுவதா வேண்டாமா என்று ஒரு குடும்பம் கூடி யோசித்து முடிவெடுப்பது வேறு. உயிர்க்கொலை வேண்டாம் என்ற மனத்தை நான் மதிக்கிறேன். நம்முடையது அந்த மனம் அல்ல, கூச்சம் மட்டும்தான்.

நாமாகச் செய்வதையும் விட்டோம். துள்ளுமாவு இடிக்கவும், சாமியின் முற்றத்திலேயே கல் கூட்டிப் பொங்க வைக்கவும், சோறு வெந்த புகையில் கண் எரியவும் நமக்கு நேரமில்லை. பூசாரிக்குச் செல்போனிலேயே பணம் அனுப்பிவிடுகிறோம். அவர் பாவம், ஒரே நாளில் பத்து வீட்டுக்காகப் பொங்க வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார். நாம் குடும்பக் குழுவில் பகிர்ந்து கும்பிடு போடுகிறோம். பிறகு பிள்ளைக்கு வரன் தள்ளிப்போகும்போது ஒரு ஜோசியர் குலதெய்வக் குறை என்கிறார். அன்றைக்குத்தான் கார் ஊருக்குத் திரும்புகிறது. அப்போதும் நாம் அவளைத் தேடிப் போகவில்லை, பரிகாரம் தேடித்தான் போகிறோம்.

மறதியை எதிர்பார்க்காத மரபு இல்லை இது. தென்மாவட்டங்களில் பெண்கள் மட்டும் கூடி, ஆண் கண்ணில் படாமல் இரவில் உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்துப் படைக்கும் ஔவையார் நோன்புக்கு, மறந்தால் மாசி, தட்டினால் தை, அசந்தால் ஆடி என்று ஒரு சொலவடை உண்டு. ஒரு மாதம் தவறினால் இன்னொரு மாதம். இவ்வளவு தாராளமாகக் காத்திருக்கும் ஏற்பாட்டையும் நாம் தவறவிட்டோம்.

பழையபடி எல்லாவற்றையும் மீட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொடை நாளில் பறையடித்தவருக்கும் துணி வெளுத்தவருக்கும் பங்குச் சோற்றை எட்ட நின்று கொடுத்தவர்களும் நம் முன்னோர்தான். அந்த எட்டம் ஒழியட்டும். முத்துப்பட்டன் கதையை இரவெல்லாம் கேட்டுவிட்டு, விடிந்ததும் சாதி பார்த்து இலை போட்ட குற்றமும் நம் கணக்கில்தான் இருக்கிறது.

கன்னிகள் எல்லோரும் காய்ச்சலில் போனவர்களும் அல்ல. சிலர் கிணற்றில் கிடந்தார்கள். சிலர் யாரையோ விரும்பியதற்காகத் தகப்பனாலும் அண்ணன்களாலும் கொல்லப்பட்டார்கள். அவளைக் கொன்ற அதே வீடு, அவளுக்குப் பயந்தோ அவளை நினைத்து உருகியோ, வருடந்தோறும் பெட்டியைத் திறந்து அவள் முன்னால் விழுந்து கும்பிட்டது. செய்த குற்றத்தை வாயால் சொல்லத் துணியாதவர்கள் சோற்றால் ஒப்புக்கொண்டார்கள். சட்டத்துக்கு முன் நிற்காத அந்த ஒப்புதல் போதாதுதான். ஆனாலும் ஏதோ நடந்தது என்பதற்கு அந்த வீட்டில் எஞ்சிய ஒரே சாட்சி அந்தப் பெட்டி. சாதி மாறி விரும்பியதற்காகப் பெண்பிள்ளைகள் இன்றும் கொல்லப்படும் நாட்டில் அந்தச் சாட்சியைத்தான் பரணோடு விட்டுவிட்டு வந்தோம்.

தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டிய அத்தையோ பெரியம்மாவோ ஊரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வருகிற ஆடிக்குள் போய், அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டும்: அவள் பெயர் என்ன, எந்த வயதில் போனாள், எப்படிப் போனாள், என்ன விரும்பித் தின்பாள், பெட்டி கடைசியாக யார் கையில் இருந்தது. மூன்றாவது கேள்விக்குப் பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள், காபி போடட்டுமா என்று எழுந்துகூடப் போவார்கள். மற்ற நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டதே என்று அத்தோடு கிளம்பி வந்துவிடக் கூடாது.