இருந்தும் இயங்காத நிலையங்கள்!

கடந்த மாதம் திருச்சியிலிருந்து சென்னைக்கு உறவினரின் மின்சார காரில் பயணம் மேற்கொண்டேன். உளுந்தூர்பேட்டையை ஒட்டி ஒரு சார்ஜிங் நிலையம் இருப்பதாகவும், அது இயங்குவதாகவும் கைப்பேசிச் செயலி காட்டியது. அங்கு சென்று பார்த்தால் கருவி செயலிழந்து கிடந்தது. அதில் ஒட்டியிருந்த எண்ணை அழைத்தோம், எடுப்பாரில்லை. 'பத்து நாளாக இப்படித்தான் இருக்கிறது, சார்' என்றார் அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரர். அடுத்த நிலையத்தை நடத்துவது வேறொரு நிறுவனம். அதற்கென்று தனிச் செயலியைப் பதிவிறக்கி, முன்பணம் செலுத்தினால்தான் மின்சாரம். எங்களுக்கு முன்னால் இரண்டு கார்கள் காத்திருந்தன. ஆறு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம் ஒன்பது மணி நேரத்தை விழுங்கியது.

ஒருவரின் ஒருநாள் அலைச்சல் பெரிய செய்தியல்ல. ஆனால், மின்சார கார் வைத்திருப்போர் பலரிடமும் இதே அனுபவத்தைக் கேட்கும்போது, கொள்கையில் எங்கோ பிழை இருப்பதை உணர முடிகிறது.

அரசு முயற்சி செய்யவில்லை என்று கூற முடியாது. வாகனங்களுக்கு மின்னேற்றம் செய்வது ஒரு சேவையே, அதற்கு மின் விநியோக உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018-இல் தெளிவுபடுத்தியது. நகரங்களில் 3 கி.மீ. நீள, அகலப் பரப்புக்கு ஒன்று, நெடுஞ்சாலைகளில் 25 கி.மீ.க்கு ஒன்று என்ற இலக்கும் அதே ஆண்டில் வகுக்கப்பட்டது. 2024-இல் தொடங்கப்பட்ட 'பிஎம் இ-டிரைவ்' திட்டத்தின் ரூ.10,900 கோடியில் ரூ.2,000 கோடி மின்னேற்ற வசதிகளுக்கு ஒதுக்கப்பட்டது. பொது நிலையங்களின் எண்ணிக்கையும் 2024 இறுதியில் 25 ஆயிரத்தைக் கடந்தது.

இந்த எண்ணிக்கையில்தான் சிக்கல் தொடங்குகிறது. எத்தனை நிலையங்கள் நிறுவப்பட்டன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அவற்றில் இன்று காலை எத்தனை இயங்கின என்பதற்கு மக்கள் பார்க்கக்கூடிய கணக்கு இல்லை. மானியம் பெரும்பாலும் கருவியை வாங்கி நிறுவும் செலவைச் சார்ந்தே அமைகிறது. எதற்குப் பணம் தரப்படுகிறதோ, அதுவே நடக்கும் என்பது பொருளியலின் பாலபாடம். நிறுவுவதற்குப் பணம் கொடுத்தோம், நிறுவினார்கள்.

நாளொன்றுக்கு நான்கைந்து கார்கள் மட்டுமே வந்து செல்லும் நிலையத்தில் கருவி பழுதானால், நடத்துபவர் இழப்பது சில நூறு ரூபாய்தான். பழுது நீக்குபவரை நகரத்திலிருந்து வரவழைக்க அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். எனவே, பழுது தள்ளிப்போடப்படுவதில் வியப்பில்லை. ஆனால், வழியில் நின்றுபோகும் குடும்பத்தின் இழப்பு அவரது கணக்கில் சேர்வதில்லை. அந்தக் குடும்பத்தின் கதையைக் கேட்டு மின்சார கார் வாங்கும் எண்ணத்தைக் கைவிடும் பத்துப் பேரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. வாகனங்கள் குறைவதால் வருவாய் குறைகிறது. வருவாய் குறைவதால் பராமரிப்பு குறைகிறது. பராமரிப்பு குறைவதால் வாகனங்கள் மேலும் குறைகின்றன. இந்தச் சுழற்சியைச் சந்தை தானாக உடைக்காது.

இதில் சமத்துவக் கேள்வியும் அடங்கியிருக்கிறது. சொந்த வீடும் வாகன நிறுத்துமிடமும் உள்ளவர் இரவில் வீட்டிலேயே மின்னேற்றம் செய்துகொள்கிறார்; வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. வாடகை வீட்டில் வசிப்பவரும், அடுக்ககத்தில் அனுமதி கிடைக்காதவரும், வாடகைக் கார் ஓட்டுநரும் பொது நிலையத்தையே நம்பியிருக்கிறார்கள். அங்கு சேவைக்கு 18% ஜிஎஸ்டி. மின்சார காருக்கு 5%, அதை ஓட்டத் தேவையான மின்னேற்றத்துக்கு 18% என்பது எந்த வகையில் நியாயம்?

பிற நாடுகள் இந்தப் பாடத்தைக் கற்கத் தொடங்கிவிட்டன. விரைவு மின்னேற்றக் கருவிகள் ஆண்டு சராசரியில் 99% நேரம் செயல்பாட்டில் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் 2023-இல் சட்ட விதி வகுத்தது. மீறினால் அபராதம் உண்டு. 24 மணி நேர உதவி எண்ணும் அங்கு கட்டாயம். அமெரிக்கா அதே ஆண்டில், மத்திய நிதியுதவி பெறும் நிலையங்களுக்கு 97%-க்கும் அதிகமான இயக்க நேரத்தை நிர்ணயித்தது. முன்பதிவோ ஒப்பந்தமோ இன்றி யாரும் பணம் செலுத்தி மின்னேற்றம் செய்ய வழியிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ளது.

நாமும் செய்ய முடியாதவை அல்ல இவை. மானியத்தின் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஆண்டுதோறும் கருவி இயங்கிய நேரத்தைக் கணக்கிட்டு வழங்கலாம். ஒவ்வொரு கருவியின் அப்போதைய நிலையையும் பொதுத்தளத்தில் வெளியிடுவதைக் கட்டாயமாக்கலாம். தெருவோரப் பூக்கடையிலும் யுபிஐ மூலம் பணம் செலுத்தும் நாட்டில், மின்னேற்றத்துக்கு மட்டும் ஐந்தாறு செயலிகளும் முன்பணமும் எதற்கு? பொது மின்னேற்றத்துக்கான ஜிஎஸ்டியை 5%-ஆகக் குறைப்பது குறித்து ஜிஎஸ்டி கவுன்சில் பரிசீலிக்க வேண்டும்.

பராமரிப்பை இவ்வளவு வற்புறுத்தினால் முதலீட்டாளர்கள் தயங்குவார்கள் என்ற வாதம் எழக்கூடும். போக்குவரத்து குறைந்த சாலைகளில் அது உண்மையே. அத்தகைய இடங்களில் இயக்கச் செலவுக்கும் அரசு சிறிது காலம் கைகொடுக்கலாம். இயங்காத பத்து நிலையங்களைவிட இயங்கும் ஐந்து நிலையங்கள் பயணிக்குப் பயன் தரும்.

மின்சார இருசக்கர வாகன உற்பத்தியில் ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் பெயர் பெற்றுவிட்டது. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்டில் கார் ஆலையைத் தொடங்கியது. மின்வாகனங்களை உருவாக்குவதில் முன்னிற்கும் தமிழகம், அவை தடையின்றி ஓடுவதற்கான வழியைக் காட்டுவதிலும் முன்னிற்க வேண்டும். திறப்பு விழாக்களின் எண்ணிக்கையைப் பட்டியலிடும் ஆண்டறிக்கையில், பழுதாகிக் கிடந்த நாள்களின் எண்ணிக்கையும் இடம்பெறட்டும். மக்களின் நம்பிக்கை அங்கிருந்துதான் தொடங்கும்.