கரிசலில் கிட்டங்கியா? முதலில் அஸ்திவாரத்தைக் கேளுங்கள்!



கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் களத்துக்கு வருகிற தை, மாசியில்தான் விலையும் விழுகிறது. நாலு மாசம் வைத்து விற்க நமக்கு இடம் ஏது? தார்ப்பாய் போட்டு மூடி, கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

2020இல் மத்திய அரசு வேளாண் உள்கட்டமைப்பு நிதியை அறிவித்தது. 2 கோடி ரூபாய் வரை கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை என்றது. நல்லதுதான். வட்டியைச் சொன்னவர்கள் மண்ணைப் பார்த்தார்களா?

கரிசல் மழையில் ஊதும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண்ணுக்குப் போட்ட பிளானில் இங்கே கட்டினால் சுவர் பிளக்கும், தரை தூக்கும். வெடிப்பு வழியே ஈரம் ஏறும், எலி புகும். பூசணம் பிடித்த மக்காச்சோளம் கோழிக்கும் மாட்டுக்கும்கூட ஆகாது. சுவர் சரிந்தால் உயிருக்கே ஆபத்து. கடனை மட்டும் நாம் கட்டணும்!

வழி இல்லாமல் இல்லை. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்றே அடி பருத்த பைல் அஸ்திவாரத்தை உருவாக்கி எத்தனையோ வருசமாச்சு. ஆழக் கரிசலில் அது 3.5 மீட்டருக்குக் குறையாமல் இறங்கணும். செலவு கூடும். அதற்காகத்தான் கேட்கிறோம்:

மண் பரிசோதனை இல்லாமல் கிட்டங்கிக்குக் கடன் கொடுக்காதே!
கரிசலுக்கென்று தனி பிளான் வெளியிடு!
கூடுதல் அஸ்திவாரச் செலவை மானியத்தில் சேர்!

நாமும் தகரத்தின் பளபளப்பைப் பார்த்து முன்பணம் நீட்ட வேண்டாம். "அஸ்திவாரம் எத்தனை அடி?" என்று கேட்போம். எழுதி வாங்குவோம். ஒன்றுபட்டு நிற்போம்!