பூஜைக்கு மட்டும் திறக்கும் பானெட்

ஆயுத பூஜை அன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் பார்க்கிங்கைப் பார்க்க வேண்டும். காலையிலேயே ஹோஸ் போட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காயும் உடைத்தாகிவிடும். பக்திக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் காரின் ஓனரிடம் "சார், பானெட்டைக் கொஞ்சம் திறங்க" என்று சொன்னால், ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவுவார். டக்கென்று ஒரு சத்தம் வரும். பார்த்தால் பெட்ரோல் மூடி திறந்திருக்கும் :-)

கேட்டால் பதில் தயார். "அதது தெரிஞ்சவன் பார்த்துக்கட்டும் சார், என் நேரத்துக்கு ஒரு மதிப்பு இருக்கே!" கூடவே, 1776-லேயே ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையை வைத்து வேலைப் பிரிவினை பற்றிச் சொன்னதெல்லாம் வரும். கணக்கும் போட்டுக் காட்டுவார்கள். மாதம் 1 லட்சம் சம்பளம், 160 மணி நேர வேலை, ஆக மணிக்கு 625 ரூபாய். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து மாட்ட அரை மணி ஆனால் 300 ரூபாய்க்கு மேல் நஷ்டமாம்!

கணக்கெல்லாம் சரிதான். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த அரை மணி நேரத்தை 300 ரூபாய் கொடுத்து வாங்க எந்தக் கம்பெனி வாசலில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். வாய்ப்புச் செலவு என்றால், ஒன்றைச் செய்வதற்காகக் கைவிட்ட அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பு. ஏற்கனவே நான்கு தடவை பார்த்த படத்தை டிவியில் ஐந்தாவது தடவை பார்ப்பதுதான் அந்த அடுத்த வாய்ப்பு என்றால், அதன் மதிப்பை அவரவரே போட்டுக்கொள்ளலாம். இன்னொரு பக்கம், சர்வீஸ் சென்டரில் காரை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, சாயங்காலம் மறுபடியும் ஆட்டோ பிடித்துப் போய், "வாட்டர் வாஷ் இன்னும் முடியல சார், ஒரு பத்து நிமிஷம்" என்று உட்கார வைக்கப்படும் நேரம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அதற்காக, காசு மிச்சம் பிடிக்கலாம் என்று ஸ்பேனரை எடுப்பவருக்கும் ஏமாற்றம்தான். மிச்சமாவது வருடத்துக்குச் சில நூறு, மிஞ்சினால் ஓரிரு ஆயிரம். விஷயம் அங்கே இல்லை. பில்லில் இருக்கிறது.

இலவச சர்வீஸ் என்று கூப்பிடுவார்கள். கூலி மட்டும்தான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு என்பது போன பிறகு தெரியும். சரி, அது நியாயம்தான். ஆனால் அதற்குக் கீழே வரிசையாக ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன், எஞ்சின் டிரெஸ்ஸிங், இன்ஜெக்டர் கிளீனிங், டயருக்கு நைட்ரஜன். (காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் அது இலவசம். மீதி 22 சதவீதத்துக்குத்தான் இந்த விலை!) "ஏர் ஃபில்டர் ரொம்ப அழுக்கு சார், மாத்திடலாமா?" என்று சர்வீஸ் அட்வைசர் போனில் கேட்டால், ஓனருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை "சரி". ஃபில்டர் எங்கே இருக்கிறது, என்ன நிறம், போன தடவை எப்போது மாற்றியது, எதுவும் தெரியாதவர் வேறென்ன சொல்வார்? பெரும்பாலான சின்னக் கார்களில் அது நாலு கிளிப்பையோ நாலு ஸ்க்ரூவையோ எடுத்தால் கைக்கு வந்துவிடும் ஒரு காகித மடிப்பு. போன வாரம் அதைத் திறந்து பார்த்தவர் "வேணாம், இன்னும் ஓடும்" என்பார். பேச்சு அத்தோடு முடிந்தது.

இப்படி நாலு தடவை "சரி" சொல்லிப் பணம் கட்டியவர்தான் ஐந்தாவது தடவை ஊரெல்லாம் சொல்கிறார், "மெக்கானிக் எல்லாம் திருடனுங்க". அப்படிச் சொல்பவருக்கு ஒரு பழைய கதை. 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் லட்சணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்லதையும் ஓட்டையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் சராசரி விலைக்கு மேல் தர மாட்டார். அந்த விலைக்கு நல்ல காரை எவர் விற்பார்? நல்ல கார்கள் சந்தையை விட்டு வெளியேறும், ஓட்டைகள் மிஞ்சும். 2001-ல் அவர் வேறு இருவரோடு பகிர்ந்துகொண்ட நோபல் பரிசுக்கு அடிப்படை இந்தச் சிந்தனைதான்.

கார் என்ற இடத்தில் மெக்கானிக்கை வைத்துப் பார்த்தால் தெருமுனைக் கதை அப்படியே வந்துவிடும். ஒரு மெக்கானிக், பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, வாசலின் தடவி மாட்டிவிட்டு, "பேட்டரி நல்லாத்தான் இருக்குண்ணே, அம்பது ரூபா குடுங்க" என்கிறார். இன்னொருவர் "பேட்டரி போச்சு சார்" என்று புதிதாக ஒன்றை மாட்டி விடுகிறார். இரண்டிலும் கார் ஸ்டார்ட் ஆகிறது. ஒன்றும் தெரியாத ஓனருக்கு இருவரும் ஒன்றுதான். சொல்லப்போனால் இரண்டாவது ஆள்தான் பெரிய வேலைக்காரராகத் தெரிவார், பில் பெரியதாயிற்றே! முதல் ஆளிடம் "துடைச்சதுக்கு அம்பதா?" என்று பேரம் வேறு நடக்கும். நேர்மையாக இருந்து அந்த மனிதர் எத்தனை நாளைக்குக் கடை வாடகை கட்ட முடியும்? வாடிக்கையாளரின் அறியாமை முதலில் காலி செய்வது நல்ல மெக்கானிக்கைத்தான். "எல்லாரும் செஞ்சுக்கிட்டா அவங்க பொழப்பு என்ன ஆகும்?" என்று திடீர்க் கருணை காட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்ப்பதால் எந்த மெக்கானிக் வீட்டிலும் அடுப்பு அணைந்துவிடாது. கிளட்ச், சஸ்பென்ஷன், பிரேக் என்று அவர்களுக்கு வேலை கொட்டிக் கிடக்கிறது.

பணத்தைத் தாண்டியும் ஒன்று உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் கார்கள் கும்பலாக முழுகின. தண்ணீர் வடிந்ததும் செய்யக் கூடாத ஒன்றைப் பலர் செய்தார்கள். சாவியைத் திருகினார்கள். எஞ்சின் மூச்சு விடுவது ஏர் ஃபில்டர் வழியாக. அந்த வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றை அமுக்குகிற மாதிரி பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினே போனது போலத்தான். வெள்ளச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, ஆனால் முழுகிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் 'பின்விளைவு' என்று சாதாரண பாலிசியில் கைவிரிப்பார்கள். எஞ்சினுக்கென்று தனி ஆட்-ஆன் எடுத்தவர்கள் தப்பித்தார்கள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்திருந்தவர் என்ன செய்திருப்பார்? பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் ஈரமா என்று பார்த்திருப்பார். ஈரம் என்றால் சாவியைத் தொடாமல் டோயிங் வண்டியைக் கூப்பிட்டிருப்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது. அப்போதும் சாவியைத் திருகிப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

அப்படி என்னதான் செய்ய வேண்டும்? பெரிய வித்தை ஒன்றுமில்லை. காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் டிப்ஸ்டிக்கில் ஆயில் இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்ப்பது. கூலண்ட் அளவை வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் பார்ப்பது (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், ஜாக்கிரதை). குறைந்திருந்தால் போர் தண்ணீரை ஊற்றாமல் இருப்பது. போர் தண்ணீரில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளை உப்பைப் பார்த்தவருக்கு அது ரேடியேட்டருக்குள் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. அப்புறம் டயர். பங்கில் காற்றுப் பிடிக்கும் பையன் "எவ்ளோ சார்?" என்று கேட்டால், "எல்லாருக்கும் போடுற மாதிரி போடுப்பா" என்பதுதான் தமிழ்நாட்டின் தேசிய பதில்! எவ்வளவு என்பது டிரைவர் பக்கத்துக் கதவின் ஓரத்தில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். டயர் மேலேயே அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதும் பஞ்சர் ஆன இரவில்தான் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிய வருகிறது.

இதற்கு நேர் எதிர் பார்ட்டி ஒன்று இருக்கிறது. இணையத்தில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு பிரேக்கைக் கழற்றுகிற வீரர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பவர்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, வீட்டில் சொல்லிவிட்டுப் படுக்கட்டும். ஆயில் மாற்றுவதைக்கூட வெளியே விடுவதே நல்லது. காரணம் கழிவு ஆயில். 2016-ம் வருட விதிகளின்படி அது அபாயக் கழிவு. அடுக்குமாடி வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? கடைசியில் மழைநீர் வடிகாலில்தான் ஊற்றுவார்கள்.

வாரண்டி போய்விடும் என்ற பயமுறுத்தலும் உண்டு. வாரண்டிக் காலத்தில் ஆயில் சர்வீஸை அவர்கள் சொல்லும் இடத்தில் செய்து ரசீதைப் பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம். ஆனால் வைப்பரை மாற்றினால், காற்றுப் பார்த்தால் வாரண்டி போகும் என்பதெல்லாம் சும்மா. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகமும் கருவிகளும் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில். நிறுவனங்கள் மேல்முறையீடு போக, வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அத்தனை பெரிய கம்பெனிகள் எதைப் பூட்டி வைக்கப் பார்த்தார்கள் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

பானெட்டைத் திறக்கவே மனசில்லாதவர், அடுத்த சர்வீஸில் ஒரு வரியாவது கேட்டுப் பார்க்கலாம். "மாத்தின பழைய பார்ட்டைக் குடுங்க." சில இடங்களில் கேட்பதற்கு முன்பே பிளாஸ்டிக் கவரில் போட்டு சீட்டுக்குக் கீழே வைத்திருப்பார்கள். சில இடங்களில் மட்டும், "அது... ஸ்க்ராப்ல போட்டாச்சு சார்" என்று கொஞ்ச நேரம் கழித்து பதில் வரும்.